ஒற்றைத் தொகுதிக்குள் ஃப்ருவாசார்: பெங்குயின் கிளாசிக்ஸ் பதிப்பு, ஒரு மதிப்புரை

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே நடந்த நூறாண்டுப் போரின் முதற்பாதியை அந்தக் காலத்து மனிதர் ஒருவரின் வாயாலேயே கேட்க விரும்பி, பழைய பிரெஞ்சு தெரியாத காரணத்தால் ஆங்கிலத்தின் துணையை நாடும் வாசகருக்கு முதலில் கைக்குக் கிடைப்பது, ழான் ஃப்ருவாசாரின் வரலாற்றேடுகளிலிருந்து ஜெஃப்ரி பிரெர்ட்டன் தேர்ந்தெடுத்து மொழிபெயர்த்த பெங்குயின் கிளாசிக்ஸ் தொகுதிதான். 1968இல் முதன்முதலாக வெளிவந்த இந்தப் புத்தகம் பலமுறை மறு அச்சு கண்டிருக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாசிப்பின்பத்துக்காக வாங்குகிறவர்கள் தயங்க வேண்டியதே இல்லை. இடைக்காலத்தில் வரலாறு எவ்வாறு எழுதப்பட்டது என்பதை அறிந்துகொள்வதற்காக வாங்குகிறவர்கள், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், பின்னால் நான் விவரிக்கும் இரண்டு சேவைகளையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்வது நல்லது. ஃப்ருவாசார் ஒரே நிகழ்ச்சியை வாழ்நாள் முழுவதும் திருத்தித் திருத்தி எழுதியவர்; அந்தத் திருத்தங்களைக் காட்டுவதற்கு இந்த அளவுள்ள தொகுதியில் இடம் கிடையாது.

ஃப்ருவாசார் ஏறத்தாழ 1337இல் எனோ என்ற சிற்றரசின் வலென்சியென் நகரில் பிறந்தார். இன்று அந்நகரம் பிரான்சின் வடகோடியில் இருக்கிறது. அன்றைக்கு எனோ புனித ரோமப் பேரரசைச் சேர்ந்தது. பிரெஞ்சில் எழுதியவர், ஆனால் பிரெஞ்சு மன்னரின் குடி அல்லர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், போரின் இரு தரப்பையும் அவர் சமமான ஆர்வத்துடன் பார்ப்பது வியப்பாக இருக்காது. 1360களின் தொடக்கத்தில் இங்கிலாந்து சென்று, தன் ஊர்க்காரியும் மூன்றாம் எட்வர்டின் மனைவியுமான அரசி ஃபிலிப்பாவின் ஆதரவில் இருந்தார். 1369இல் அரசி இறந்ததும் தாயகம் திரும்பினார். பிறகு ராபர்ட் தெ நமூர், பிரபாந்தின் டியூக் வென்சஸ்லாஸ், புளுவாவின் பிரபு கீ எனப் புரவலர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். கவிதையும் எழுதினார்; குருவாகவும் இருந்தார்; கடைசிக் காலத்தில் ஷிமே நகரத் திருச்சபையில் பதவி வகித்தார். சேன் டெனி மடத்துத் துறவிகள் பிரெஞ்சு அரச மரபின் அதிகாரபூர்வ வரலாற்றைத் தங்கள் மடத்தில் எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில், இவர் குதிரையேறி விடுதி விடுதியாகச் சென்று, போரிட்டவர்களையே தேடிப் பிடித்துக் கேட்டு எழுதினார்.

நான்கு நூல்களாக அமைந்த அவருடைய வரலாற்றேடு, இங்கிலாந்து மன்னர் இரண்டாம் எட்வர்டின் வீழ்ச்சியில் தொடங்கி, 1399இல் இரண்டாம் ரிச்சர்ட் அரியணை இழந்ததோடும் 1400ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளோடும் முடிகிறது. 19ஆம் நூற்றாண்டில் கெர்வின் தெ லெத்தன்ஹோவ் பதிப்பித்தபோது அது அடைவுகள், இணைப்புகளோடு 25 தொகுதிகளாக விரிந்தது. பெங்குயின் புத்தகத்தில் இருப்பது ஏறத்தாழ 500 பக்கம். அப்படியென்றால் எவ்வளவு விட்டுப்போயிருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். பிரித்தானி வாரிசுப் போரும், ஃப்ளாண்டர்ஸ் நகரங்களின் கலகங்களும், ஸ்பெயின், போர்த்துக்கல் விவகாரங்களும் வெகுவாகச் சுருங்கிவிட்டன. கிரெசி, புவாத்தியே போர்கள், கலே முற்றுகை, பிரான்சில் 1358இன் உழவர் கலகம், 1381இன் ஆங்கிலேய உழவர் எழுச்சி, பிரெஞ்சு மன்னர் ஆறாம் சார்லஸின் பித்து ஆகியவை நிற்கின்றன. தேர்வில் நான் பெரிதாகக் குறை காண மாட்டேன். யார் தேர்ந்தெடுத்தாலும் இவற்றை விட்டுவிட முடியாது.

மொழிபெயர்ப்பின் நடை தெளிவானது. பழமையான தோற்றம் தருவதற்காகச் சொற்களை முறுக்கும் பழக்கம் பிரெர்ட்டனிடம் இல்லை. ஃப்ருவாசார் நீளமாக எழுதுகிறவர். போர்க்கொடிகளையும் பிரபுக்களின் பெயர்களையும் அடுக்கிக்கொண்டே போகும் இடங்களில் மூலத்தைப் படிக்கிறவர்களுக்கே மூச்சு வாங்கும். ஆங்கிலத்தில் அந்தச் சுமை குறைந்து கதை வேகமெடுக்கிறது. 1392 ஆகஸ்டில் மன்னர் ஆறாம் சார்லஸுக்குச் சித்தம் கலங்கிய காட்சியை உதாரணமாகக் காட்டலாம். ல மான்ஸ் நகருக்கு அருகே, சுட்டெரிக்கும் வெயிலில், கறுப்பு வெல்வெட் அங்கியோடு மன்னர் குதிரையில் போய்க்கொண்டிருக்கிறார். பின்னால் வரும் பணியாள் சிறுவன் தூக்கக் கலக்கத்தில் ஈட்டியை நழுவவிட, அது முன்னால் போகிறவனின் தலைக்கவசத்தில் பட்டுக் கணீரென்று ஒலிக்கிறது. மன்னர் வாளை உருவித் தன் ஆட்கள் மீதே பாய்கிறார். வெயில், மணல், வெல்வெட், உலோகத்தின் ஓசை என்று படிப்படியாக ஏறி வெடிக்கும் அந்தப் பத்தியைப் படித்தால், இந்த மனிதர் அரசவைகளில் ஏன் வரவேற்கப்பட்டார் என்பது விளங்கிவிடும். சில மாதங்களுக்குப் பின், 1393 ஜனவரியில், காட்டு மனிதர் வேடமிட்டு ஆடிய மன்னரும் தோழர்களும் தீப்பற்றிக்கொண்ட நடன விருந்தும் இதே தரத்தில் சொல்லப்பட்டிருக்கிறது. பெரி டியூக்கின் இளம் மனைவி தன் அங்கியால் மன்னரை மூடிக் காப்பாற்றியதையும், ஒருவர் மட்டும் பாத்திரம் கழுவும் தண்ணீர்த் தொட்டிக்குள் குதித்துத் தப்பியதையும் எழுத அவர் மறக்கவில்லை.

ஆனால் புத்தகத்தின் இதயம் மூன்றாம் நூலில், 1388 குளிர்காலத்தின் ஒர்த்தேஸ் பயணத்தில் இருக்கிறது. வாங்கியவர்கள் முதல் பக்கத்திலிருந்து தொடங்காமல் இங்கிருந்து தொடங்கலாம் என்பது என் பரிந்துரை. பிரான்சின் தெற்கிலும் அதற்கப்பாலும் நடந்த போர்களைப் பற்றி நம்பத்தகுந்த செய்தி வேண்டும் என்பதற்காக, ஐம்பதை எட்டிக்கொண்டிருந்த ஃப்ருவாசார், புளுவா பிரபுவின் பரிசாக நான்கு வேட்டை நாய்களையும் கூட்டிக்கொண்டு பைரனீஸ் மலையடிவாரத்துக்குப் புறப்படுகிறார். ஒர்த்தேஸில் அவை நடத்திவந்த ஃபுவாவின் பிரபு கஸ்தோன் ஃபேபூஸ் நாய்ப் பிரியர் என்பது ஊரறிந்த செய்தி. பாமியே ஊரில் எஸ்பான் தெ லியோன் என்ற அனுபவமிக்க போர்வீரரின் துணை கிடைக்கிறது. இருவரும் நாள்கணக்கில் சேர்ந்து குதிரையில் போகிறார்கள். எதிர்ப்படும் ஒவ்வொரு கோட்டையைக் காட்டியும் இவர் கேட்க, அங்கே நடந்த முற்றுகையையும் கைகலப்பையும் அவர் சொல்லிக்கொண்டே வருகிறார். மாலையில் விடுதியில் இறங்கியதும், கேட்டதை உடனே எழுதி வைத்துவிடுவதாகவும், நினைவைப் பாதுகாக்க எழுத்தைப்போல வேறொன்று இல்லை என்றும் ஃப்ருவாசார் சொல்கிறார். இடைக்கால ஆசிரியர் ஒருவர் தான் செய்தி சேகரித்த முறையை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்வது அரிது.

அந்த உரையாடலில் ஒரு கேள்விக்கு மட்டும் எஸ்பான் பதில் சொல்ல மறுக்கிறார். ஃபேபூஸின் சட்டபூர்வமான ஒரே மகன் எப்படி இறந்தான் என்பதே அந்தக் கேள்வி. ஃப்ருவாசார் விடவில்லை. ஒர்த்தேஸ் சேர்ந்த பின் முதிய பணிவீரர் ஒருவரைப் பிடித்து அந்தக் கதையைக் கறந்துவிடுகிறார். தாய்மாமனான நவார் மன்னர், பிரிந்திருக்கும் தாய் தந்தையரைச் சேர்த்து வைக்கும் மருந்து என்று சொல்லிச் சிறுவனிடம் பொடி அடங்கிய பையொன்றைக் கொடுத்தனுப்பினார் என்றும், அது நஞ்சு என்று தெரிந்துகொண்ட தந்தை மகனைக் கோபுரத்தில் அடைத்தார் என்றும், உணவை மறுத்துக்கிடந்த மகனிடம் நகம் வெட்டிக்கொண்டிருந்த சிறு கத்தியோடு சினத்துடன் சென்றபோது அதன் முனை கழுத்து நரம்பில் பட்டுச் சிறுவன் மாண்டான் என்றும் அந்த முதியவர் சொல்கிறார். இது எவ்வளவு உண்மை என்பது வேறு விஷயம். தான் உபசரிக்கப்பட்ட வீட்டின் மறைவான செய்தியை, யார் சொல்ல மறுத்தார், யார் சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதிவிடும் துணிவு கவனிக்கத்தக்கது. புரவலர்களின் தயவில் வாழ்ந்தவர் என்று அவரைக் குறைத்து மதிப்பிடுகிறவர்கள் இந்தப் பகுதியைப் படித்துவிட்டுப் பேசலாம்.

நள்ளிரவில் பன்னிரண்டு பந்தங்கள் முன்னே வர இரவுணவுக்கு இறங்கிவரும் ஃபேபூஸின் அவை இந்தப் பக்கங்களில் கண்முன் நிற்கிறது. ஃப்ருவாசார் இரவுதோறும் தன் கவிதைக் காவியத்தை அவருக்குப் படித்துக் காட்டுகிறார். படிக்கும்போது வேறு எவரும் வாய்திறக்கத் துணிவதில்லை. கடந்த ஐம்பது ஆண்டுகளில் நடந்த போர் அற்புதங்கள் அதற்கு முந்தைய முந்நூறு ஆண்டுகளில் நடந்தவற்றை விஞ்சுபவை என்பதால், இவருடைய வரலாறு பின்னாளில் மிகவும் விரும்பிப் படிக்கப்படும் என்று ஃபேபூஸ் பாராட்டியதாக ஃப்ருவாசாரே எழுதுகிறார். தன்னைப் பற்றிய புகழுரையைப் பதிவு செய்வதில் அவருக்குக் கூச்சமே கிடையாது.

அதே ஊரில் சந்திரன் பெயர் கொண்ட விடுதியில், நள்ளிரவு விருந்துக்கு நேரமாகும் வரை கணப்பருகே காத்திருக்கும் போது, பாஸ்கோ தெ மொலேயோன் என்ற கஸ்கோனியக் கூலிப்படைத் தலைவர் பேசத் தொடங்குகிறார். வயது ஏறத்தாழ 55. புவாத்தியே போரில் முதன்முதலாக ஆயுதம் ஏந்தியவர். அதன் பிறகு யார் பணம் கொடுத்தாலும், கொடுக்காவிட்டாலும், கொள்ளையடித்தே பிழைத்தவர். தானும் தோழர்களும் பெண்களைப்போல் உடையணிந்து, ஊற்றில் தண்ணீர் மொண்டுவரும் குடங்களோடு நுழைந்து துரி என்ற கோட்டையைப் பிடித்ததைப் பெருமையோடு சொல்கிறார். ஃப்ருவாசார் கண்டிக்கவுமில்லை, பரிதாபப்படவுமில்லை, அவரைப் பேசவிட்டுவிடுகிறார். கொள்ளையடிக்கப்பட்ட ஊர்க்காரர்களிடம் இப்படி உட்கார்ந்து கேட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்ற எண்ணம் படிக்கும்போது எழாமல் இருக்காது. அவர் கேட்கவில்லை. குதிரையும் கவசமும் உடையவர்களின் உலகமே அவருடைய உலகம்.

இந்தச் சாய்வு புத்தகம் நெடுகிலும் தெரிகிறது. 1348இன் பெருங்கொள்ளைநோயைப் பற்றி, உலகத்தில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் மாண்டனர் என்பதற்கு மேல் அதிகம் சொல்லாதவர், ஒரு வாட்போட்டிக்குப் பல பக்கம் ஒதுக்குவார். 1370இல் மூன்றாம் எட்வர்டின் மூத்த மகனான கறுப்பு இளவரசர் லிமோஜ் நகரைச் சூறையாடியதைச் சொல்லும் இடம் இன்னும் விசித்திரமானது. ஆண், பெண், குழந்தை என மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக எழுதி, அவர்களைத் தியாகிகள் என்று சொல்லி மனம் கசிகிறார். அடுத்த பத்தியிலேயே, மூன்று பிரெஞ்சு வீரர்கள் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நேர்த்தியாகப் போரிடுவதைப் பல்லக்கில் இருந்தபடி பார்த்த இளவரசரின் கோபம் தணிந்தது என்கிறார். இதைப் படித்துவிட்டு அந்த எண்ணிக்கையை அப்படியே மேற்கோள் காட்டுகிறவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். உள்ளூர் மடத்துப் பதிவொன்றை வைத்து, இறந்தவர்கள் ஏறத்தாழ 300 பேர் என்றே பிற்கால ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பெங்குயின் பதிப்பில் அடிக்குறிப்புகள் சுருக்கமானவை, எண்ணிக்கையிலும் குறைவு. ஃப்ருவாசார் தரும் எண்களையும் தேதிகளையும் வேறு சான்றுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க, வாசகருக்கு இதற்கப்பால் ஒரு நல்ல நூறாண்டுப் போர் வரலாறு தேவைப்படும்.

இதே மனிதர்தான், 1381 எழுச்சியின் போது ஜான் பால் என்ற குரு மக்களிடம் பேசிய பேச்சையும் எழுதியிருக்கிறார். எல்லாரும் ஆதாம் ஏவாளின் பிள்ளைகள்தானே, அவர்களுக்கு வெல்வெட்டும் நமக்குக் கந்தலும் ஏன், அவர்களுக்கு மதுவும் வாசனைப் பொருளும் நல்ல ரொட்டியும் நமக்குக் கம்பு ரொட்டியும் தண்ணீரும் ஏன் என்று அந்தக் குரு கேட்கிறார். ஃப்ருவாசார் அவரைப் பைத்தியக்காரக் குரு என்று ஏசுகிறார், கலகக்காரர்களை வெறுக்கிறார். ஆனாலும் அந்த வெறுப்பு பேச்சின் கூர்மையை மழுக்கவில்லை. யாருக்கு வாய் கிடைத்தாலும் அவர் நன்றாகப் பேசும்படி எழுதிவிடுவது இவருடைய கை. அது வரலாற்றாசிரியருக்கு வலிமையா பலவீனமா என்று என்னால் முடிவு கட்ட முடியவில்லை. வாசகருக்கு ஆதாயம் என்பதில் ஐயமில்லை.

இனி இந்தத் தொகுதி காட்ட முடியாத பகுதிக்கு வருகிறேன். முதல் நூலின் பெரும் பகுதி ஃப்ருவாசார் நேரில் பார்த்ததோ கேட்டதோ அல்ல. லியேஜ் நகரின் திருச்சபைக் குருவும் 1327இன் ஸ்காட்லாந்துப் படையெடுப்பில் நேரில் கலந்துகொண்டவருமான ழான் லெ பெல் எழுதிய வரலாற்றை அடித்தளமாகக் கொண்டு, பல இடங்களில் வரிக்கு வரி பின்பற்றி எழுதப்பட்டது அது. இதை ஃப்ருவாசார் மறைக்கவில்லை, முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். லெ பெல்லின் நூல் நெடுங்காலம் தொலைந்துபோனதாகக் கருதப்பட்டு 19ஆம் நூற்றாண்டில்தான் கண்டெடுக்கப்பட்டது. அதன் பிறகுதான், கடன் வாங்கியது எது, சேர்த்தது எது என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. போதாக்குறைக்கு, இந்த முதல் நூலையே அவர் பலமுறை திருத்தி எழுதினார். ஆமியேன் நகரப் பிரதி ஒரு வடிவம். அதிகமாகப் படியெடுக்கப்பட்டுப் பரவிய பாடம் வேறொரு வடிவம். வத்திக்கானில் இருக்கும் ஒரே பிரதியால் அறியப்படும் கடைசி வடிவம் மற்றொன்று. முதலிரண்டில் எது முந்தியது என்பதில் அறிஞர்களுக்குள் இன்றும் ஒத்த கருத்து இல்லை.

சால்ஸ்பரி சீமாட்டியின் கதையை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் எட்வர்டை உச்சத்தில் வைத்துப் புகழும் லெ பெல், அந்த மன்னர் செய்த இழிசெயல் என்று குறிப்பிட்டு, தன் நண்பரின் மனைவியான சீமாட்டியை அவர் வன்புணர்ந்ததாக எழுதினார். ஃப்ருவாசார் அதை ஏற்கவில்லை. தான் இங்கிலாந்தில், பெரும்பாலும் அரசவையிலேயே நெடுநாள் இருந்தும், அங்கும் மற்றப் பெரிய வீடுகளிலும் விசாரித்தும், அப்படியொரு செய்தியைக் கேள்விப்பட்டதே இல்லை என்று வெளிப்படையாக மறுத்தார். மறுத்ததோடு நிற்காமல், மன்னரும் சீமாட்டியும் சதுரங்கம் ஆட, தன் மோதிரத்தைப் பந்தயமாக வைத்து மன்னர் வேண்டுமென்றே தோற்கும் அழகான காட்சியொன்றை ஆமியேன் வடிவத்தில் சேர்த்தார். தன் புரவலரான அரசியின் கணவரைக் காப்பாற்றும் அவசரம் ஒருபுறம், ஆதாரம் தேடி விசாரிக்கும் ஒழுக்கம் மறுபுறம், காட்சியைப் புனையும் கவிஞரின் கை இன்னொருபுறம்: மூன்றும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்கின்றன. பெங்குயின் தொகுதியிலும் மன்னரின் காதல் கதையைப் படிக்கலாம். ஆனால் லெ பெல் எழுதியதையும் ஃப்ருவாசாரின் வேறு வேறு வடிவங்களையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கும் போது கிடைக்கும் தெளிவு அதில் கிடைக்காது.

கிரெசிப் போரில் ஆங்கிலேயர் பீரங்கிகள் வைத்திருந்ததாக ஆமியேன் பிரதி சொல்கிறது. பரவலாகப் படிக்கப்பட்ட பாடம் சொல்வதில்லை. 1347இல் கலே நகரத்தின் சாவிகளோடும் கழுத்தில் கயிற்றோடும் எட்வர்டின் முன் வந்து நின்ற ஆறு நகரப் பெருமக்களில், பரவலான பாடம் ஒஸ்தாஷ் தெ சேன் பியேர் உட்பட நால்வரின் பெயர்களையே தருகிறது. மற்ற இருவரின் பெயர்கள் வத்திக்கான் பிரதியால்தான் தெரியவந்தன. 1895இல் கலேயில் திறந்துவைக்கப்பட்ட ரொதேனின் புகழ்பெற்ற சிற்பத்தின் மூலக்கதை இதுதான். அந்தக் கடைசி வடிவத்தை ஃப்ருவாசார் 1399க்குப் பிறகு, தான் அறிந்த அரச வம்சத்து வாரிசான இரண்டாம் ரிச்சர்டை ஆங்கிலேயர் அரியணையிலிருந்து இறக்கியதைக் கண்டபின் எழுதினார். இளமையில் அவர் வியந்த ஆங்கிலேயர்கள் இப்போது, ஆள்வது கடினமான, நம்பத்தகாத மக்களாகத் தெரிகிறார்கள். அரை நூற்றாண்டுக்கு முந்தைய நிகழ்ச்சிகள் மாறவில்லை. அவற்றை எழுதியவர் மாறிவிட்டார். ஃப்ருவாசாரை வரலாற்றாசிரியராக மதிப்பிட இந்த மாற்றத்தைவிட முக்கியமான சான்று எதுவும் இல்லை என்று நினைக்கிறேன்.

இங்கேதான் ஷெஃபீல்டு, லிவர்பூல் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த பீட்டர் ஏன்ஸ்வொர்த், கோட்ஃப்ரீட் குரூனன் ஆகியோரின் பொறுப்பில் உருவான ‘ஆன்லைன் ஃப்ருவாசார்’ தளம் கைகொடுக்கிறது. முதல் மூன்று நூல்களுக்கான பல கையெழுத்துப் பிரதிகளின் எழுத்துப்படிகள், பிரதிப் பக்கங்களின் நிழற்படங்கள், சில அதிகாரங்களுக்குப் புதிய ஆங்கில மொழிபெயர்ப்பு, ஆட்பெயர், இடப்பெயர் விளக்கங்கள் ஆகியவை இதில் இருக்கின்றன. கட்டணம் இல்லை. ஒரே அதிகாரத்தை இரண்டு பிரதிகளில் அருகருகே வைத்துப் பார்க்கலாம் என்பதே இதன் பெரும் பயன். பழைய பிரெஞ்சு தெரியாவிட்டாலும், ஆங்கிலத்தில் கதை தெரிந்த ஒருவர், பெயர்களும் எண்களும் இடத்துக்கு இடம் எப்படி மாறுகின்றன என்பதைக் கண்ணால் தொடர்ந்துவிட முடியும். பெரிய திரை இருந்தால்தான் இப்படி ஒப்பிடுவது சௌகரியம். கைபேசியில் முயல்வது வீண். ஆராய்ச்சியாளர்களை மனத்தில் வைத்துச் செய்த தளம் என்பதால் முதன்முறை நுழைகிறவர்களுக்கு எங்கே தொடங்குவது என்று புரியாமல் போகலாம். பெங்குயின் தொகுதியில் படித்த ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு அதை மட்டும் தேடிப் போவது நல்ல வழி.

இரண்டாவது சேவை, பிரெஞ்சு தேசிய நூலகத்தின் மின்நூலகமான கல்லிக்கா. புரூஜ் நகரப் பிரமுகர் லூயி தெ குரூத்ஹூஸுக்காக 1470களில் தயாரான நான்கு தொகுதிப் பிரதியை இங்கே பக்கம் பக்கமாகப் புரட்டலாம். அதில் 112 ஓவியங்கள் இருக்கின்றன. கிரெசி பற்றிய எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அட்டையிலோ உள்ளேயோ காணப்படும், குறுக்குவில்லாளர்களும் நீள்வில்லாளர்களும் எதிரெதிரே நிற்கும் ஓவியம் இந்தப் பிரதியிலிருந்து வந்தது. அந்த ஓவியர்கள் போர் நடந்து நூறு ஆண்டுக்கும் மேலான பின் வரைந்தவர்கள். வரைந்த கவசங்களும் ஆடைகளும் தங்கள் காலத்தவை. அந்த ஓவியங்களைப் பார்த்துவிட்டு 1346இல் இப்படித்தான் உடுத்தினார்கள் என்று நம்பிவிடக் கூடாது.

புத்தகத்தை விலைகொடுத்து வாங்குவது பற்றி இரண்டொரு வார்த்தை. எழுத்து பொடியானது, நடுத்தர வயதைக் கடந்தவர்கள் மின்நூலாக வாங்கினால் கண்ணுக்கு இதம். பழைய புத்தகமாக வாங்குகிறவர்கள் முதுகுப் பசையைப் பார்த்து வாங்க வேண்டும். இணைய வியாபாரி ஒருவர் எனக்கு அனுப்பிய பழைய பிரதியில் நடுவிலிருந்து ஒரு கட்டு தாள் தனியே கழன்று வந்தது. பணமே செலவழிக்க விருப்பமில்லாதவர்களுக்குத் தாமஸ் ஜோன்ஸ் வேல்ஸில் தன் ஹாஃபட் மாளிகையின் சொந்த அச்சகத்தில் 1803 முதல் அச்சிட்ட பழைய மொழிபெயர்ப்பு, காப்புரிமை தீர்ந்ததால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அது நான்கு நூல்களையும் உள்ளடக்கியது. ஆனால் நடை 200 ஆண்டுப் பழையது, மூலமாகக் கொண்ட பிரெஞ்சுப் பாடங்களும் பிற்கால ஆய்வுக்கு முந்தியவை. பெங்குயினில் விடுபட்ட பகுதியைத் தேடிப் பார்க்க அது உதவும். தொடர்ந்து படிக்க ஏற்றதன்று.

பெங்குயின் தொகுதியில் போர்த்துக்கல் பகுதிக்கு இடம் குறைவாக இருப்பதுதான் எனக்கு மிகப் பெரிய வருத்தம். ஒர்த்தேஸில் கஸ்கோனியர்களிடமிருந்தும் கஸ்தீலியத் தரப்பினரிடமிருந்தும் போர்த்துக்கலுக்கும் கஸ்தீலுக்கும் இடையே நடந்த 1385இன் அல்ஜுபரோத்தா போரைப் பற்றிக் கேட்டறிந்த ஃப்ருவாசார், ஒரு தரப்பை மட்டும் கேட்டால் போதாது என்று எண்ணினார். போர்த்துக்கீசியப் பிரபு ஜோவாம் ஃபெர்னாந்தெஸ் பஷேக்கு இன்றைய நெதர்லாந்தில் உள்ள ஜீலாந்தின் மிடில்பர்க் துறைமுகத்தில் தங்கியிருப்பதாக 1390 வாக்கில் கேள்விப்பட்டதும், அவரைத் தேடிக் கப்பலேறிப் போய், சில நாள்கள் உடனிருந்து அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். ஃப்ருவாசாரை வெறும் கதைசொல்லி என்று ஒதுக்குகிறவர்களுக்குக் காட்ட வேண்டிய பக்கங்கள் அவை. ஜோன்ஸின் மொழிபெயர்ப்பில், மூன்றாம் நூலில் அவற்றைப் படிக்கலாம்.

நான்காம் நூலைப் பொறுத்தவரை நிலைமை தலைகீழ். ஷெஃபீல்டு தளம் அதைத் தொடுவதில்லை. 1395இல் முதிர்ந்த வயதில் இங்கிலாந்து திரும்பிய ஃப்ருவாசார், செவ்வெல்வெட் உறையும் பொன்முலாம் பூசிய வெள்ளிக் குமிழ்களும் பொருத்திய தன் கவிதைப் புத்தகத்தை இரண்டாம் ரிச்சர்டிடம் கொடுத்ததையும், எதைப் பற்றிய நூல் என்று மன்னர் கேட்க, காதலைப் பற்றியது என்று இவர் பதில் சொன்னதையும், அடுத்த நான்காண்டுகளில் அந்த மன்னருக்கு நேர்ந்த கதியையும், நல்ல ஆங்கிலத்தில் கையடக்கமாகப் படிக்க விரும்பினால் பிரெர்ட்டனின் கடைசி அத்தியாயங்களையே நான் கைகாட்டுவேன்.